மாமனார் மெச்சிய கீபோர்டு

கரும்புகையிடம் தோற்று ஆராய்ச்சி கூரையிலிருந்து கீழே விழுந்தபோது, பழி முழுக்கக் கீபோர்டின் தலையில் விழுந்தது.

"குதிக்கிறதுக்குத்தான் அமுக்கினேன். குதிக்கலை!" என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினான்.

"யாரு குதிக்கலை?" என்றாள் மனைவி, கூடத்திலிருந்து.

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. கீழ்வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

ஆராய்ச்சி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரு ஜோடி செருப்புக்குப் பதினோரு கடை ஏறி இறங்குகிறவனுக்கு அலுவலகம் சூட்டிய பட்டம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. வீட்டிலிருந்தே எழுதலாம். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தட்டுவான். வருந்தி முடித்ததும், சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு, அதே மேசையில் அதே கீபோர்டில் 'கூரைச் சண்டை' ஆடத் தொடங்கிவிடுவான். கூரைக்குக் கூரை தாவி எதிராளியைக் கீழே தள்ள வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. இணைப்பு திணறாமல் இருக்க அது அக்கம்பக்கத்துக்காரர்களையே எதிரெதிரே கோத்துவிடும். அப்படி வந்து மாட்டியவன்தான் கரும்புகை. எந்த வீட்டு விடலை அந்தப் பேரில் ஒளிந்திருக்கிறானோ, யார் கண்டது! இதுவரை பத்து ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து என்று சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே இது ஆகாது. மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போறேன். வேலைக்கும் ஆச்சு, விளையாட்டுக்கும் ஆச்சு."

"இருக்கிறதுக்கு என்ன?"

"இதுல அமுக்கினா ஈர மாவை அமுக்குற மாதிரி இருக்கு. அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியா ஒரு சுவிட்ச், ஒரு ஸ்பிரிங். பத்து வருஷம் உழைக்கும். விலையும் நம்ம கைக்கு அடக்கமா ஒண்ணு பார்க்கிறேன்."

பார்த்தான். இரண்டு வாரம் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் அட்டவணை விரிந்தது. எண்கள் தனியாக இருக்கும் பெரியதா, இல்லாத சின்னதா? வயரா, வயரில்லாததா? வண்ண விளக்கு வேண்டாம், கரும்புகைக்கு அது தெரியப் போவதில்லை. எழுத்து அழியாத மூடி வேண்டும், 'வ' எழுத்து அவன் கையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழுதானால் சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். கடைசியில், பேர் பெற்ற கம்பெனிக்காரன் சொல்லும் விலையில் பாதிக்கு, அத்தனை வசதியும் உள்ள ஒன்றைத் தேடிப் பிடித்தே விட்டான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தவர்கள் புதுத் தீவையே கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சந்தேகம். சுவிட்சில் மூன்று நிறம். சிவப்பு வாயைத் திறக்காது. பழுப்பு முணுமுணுக்கும். நீலம், தொட்டதற்கெல்லாம் 'டக், டக்' என்று பதில் சொல்லும்.

மூன்றின் சத்தத்தையும் கணினியில் மாற்றி மாற்றி ஓடவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறைக் கதவு திறந்தது. மாமனார் வெளியே வந்தார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். வண்டி வாசலில் நுழையும்போதே, காதை வைத்தே எந்தத் திருகு லூஸ் என்று சொல்லிவிடுவார் என்று பேர். ஓய்வு பெற்று இவர்களோடு தங்கி ஒன்பது வருஷமாகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் மருமகன் வாங்கிய எதையும் அவர் மெச்சியதில்லை. சோபாவுக்கு "ம்". வாஷிங் மெஷினுக்கு "ம்". இந்த வீட்டுக்கே "ம்"தான். பெண் பார்க்க வந்தபோது ஆராய்ச்சிக்கும் அதே "ம்" கிடைத்ததாக மனைவி சொல்வாள். ஒரே ஒரு முறை அந்த வாயால் நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது ஆராய்ச்சியின் நெடுநாள் ஏக்கம்.

"அது என்ன சத்தம், மாப்பிள்ளை?"

"கீபோர்டு, மாமா. எதை வாங்கலாம்னு..."

"இன்னொரு தடவை விடுங்க."

விட்டான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சினுக்குக் காது கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மூணாவது. அதையே வாங்குங்க. ஒவ்வொரு அடியும் தனித்தனியா, சுத்தமா விழுது. சபாஷ் மாப்பிள்ளை, உங்களுக்குப் பொருள் பார்க்கத் தெரியுது!"

சபாஷ்! ஆராய்ச்சிக்கு நிலைகொள்ளவில்லை. அட்டவணையை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு நீலத்துக்கு ஆர்டர் கொடுத்தான். நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்திருந்தது.

கீபோர்டு வந்த மறுநாளே தகராறும் வந்தது. மனைவி கூடத்தில் உட்கார்ந்து இணைய வழியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள்.

"பிள்ளைங்க கேட்கிறாங்க, 'டீச்சர், உங்க ஊர்ல ஆலங்கட்டி மழையா'ன்னு. எனக்கு மானம் போகுது."

"அது தரத்தோட சத்தம்."

"தரம் கொஞ்சம் மெதுவாப் பேசட்டும்."

இதற்குள் மாமனார் வந்துவிட்டார். "அவரை விடும்மா. வேலை செய்ற மனுஷன்னா சத்தம் வரத்தான் செய்யும். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லை. எவ்வளவு வேணா தட்டுங்க மாப்பிள்ளை."

அப்பாவே மருமகன் பக்கம் சாய்ந்ததைப் பார்த்து மனைவி இருவரையும் மாறி மாறி முறைத்தாள். ஆராய்ச்சிக்கு அந்தக் காட்சியைப் படம் பிடித்து மாட்ட வேண்டும் போலிருந்தது.

ஆனால் ஆட்டத்தில்தான் அடி. கரும்புகை பத்துக்கு ஒன்பது ஜெயித்தான். இவன் குதிக்கப் போகிற கூரையில் முன்கூட்டியே நின்றான். பாய்ந்தால் விலகினான், விலகினால் பாய்ந்தான்.

"புதுக் கீபோர்டு. கை பழகணும்," என்று ஆராய்ச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுச் சமாதானத்துக்காக முதலில் கீபோர்டின் அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டான். சத்தம் குறையவில்லை. கீபோர்டுதான் வழுக்கிக்கொண்டு மேசையில் ஊர்வலம் போனது. தட்டுகிறவனும் நாற்காலியோடு பின்னாலேயே போனான்.

அடுத்து, மூடிகளையெல்லாம் பிடுங்கி ஒரு குண்டானில் கொட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன ரப்பர் வளையம் மாட்டினான். அரை நாள் வேலை. வீடு அமைதியானது. ஸ்பேஸ் பாருக்கு மட்டும் அந்த வளையம் சேரவில்லை. ஆட்டத்தில் குதிப்பதற்கு இருக்கிற கீயும் அதுதான். மற்றதெல்லாம் அடங்கிவிட்டதால், அது ஒன்று மட்டும் சுவர் அதிர 'டக்!' என்றது.

அன்று பத்துக்குப் பத்து தோற்றான். ஒரு தடவைகூட முழுசாகக் குதித்து முடிக்கவில்லை.

"உங்க அப்பா சிரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்குதே. என்ன பண்றார்?" என்று எரிச்சலோடு மனைவியிடம் கேட்டான்.

"டேப்லெட்டுல செய்தி பார்க்கிறார். கதவைச் சாத்திக்கிட்டு, சாயங்காலம் ஆனா அதுதான்."

"செய்தி பார்த்தா சிரிப்பு வருது?"

"நாடு அப்படி ஆயிடுச்சு."

மூன்றாவது வைத்தியமாக ஸ்பேஸ் பாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டான். சத்தம் நின்றது. கூடவே, அமுக்கினது மேலே வருவதும் நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் ஒரு புகாருக்குப் பதில் அனுப்பிவிட்டான். கால் மணி நேரத்தில் மேலதிகாரி அம்மா போனில் வந்தாள்.

"என்ன சார் இது? 'தங்களுக்கு நேர்ந்த'ன்னு ஆரம்பிக்குது. அப்புறம் பன்னிரண்டு பக்கம் வெறும் வெள்ளை. கடைசியில 'வருந்துகிறோம்'."

"ஆழ்ந்து வருந்தினேன், மேடம்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வருந்த மாட்டேன். நீங்கதான் வருந்துவீங்க."

அந்த வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் அதற்குப் பிறகு புகாரே வரவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில், தான் எவ்வளவு தொலைநோக்கோடு வாங்கியிருக்கிறோம் என்பது ஆராய்ச்சிக்கு நினைவு வந்தது. சுவிட்சைப் பிடுங்கி மாற்றலாமே! சத்தமே போடாத சுவிட்சாக ஒரு பெட்டி வரவழைத்து, அத்தனை நீலத்தையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பதித்தான். தட்டினால் பூனை நடப்பதுபோல் இருந்தது. மனைவி அறைவாசலில் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கெட்டிக்காரர்தான்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அதுவும் முதல் தடவைதான்.

அன்று ஐந்து மணிக்கு அற்புதம் நடந்தது. ஆராய்ச்சி பத்துக்குப் பத்து ஜெயித்தான். கரும்புகை திக்குத் தெரியாமல் தவித்தான். ஒரு முறை யாரும் தள்ளாமல் தானாகவே கூரையிலிருந்து விழுந்தான். மறுநாளும் பத்து. மூன்றாம் நாளும் பத்து. ஆராய்ச்சி வீட்டுக்குள் நடக்கிற நடையே மாறிப்போயிற்று.

ஆனால் மாமனார் வாடிப்போனார். சரியாகச் சாப்பிடவில்லை. எதைக் கேட்டாலும் பழையபடி "ம்". நெட் சரியில்லை, எல்லாம் தாமதமாக வருகிறது என்று புலம்பி, தானே போன் போட்டு ஆள் வரச் சொன்னார்.

இணைப்பு சரிபார்க்கிறவர் பையோடு வந்த சாயங்காலம், மாமனார் தயங்கித் தயங்கி ஆராய்ச்சியின் மேசைப் பக்கம் வந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பழைய சத்தம் போயிடுச்சே."

"தொந்தரவா இருந்துச்சுன்னு மாத்திட்டேன், மாமா."

"யாருக்குத் தொந்தரவு? அதுல ஒரு உயிர் இருந்துச்சு, மாப்பிள்ளை. அது கேட்காம எனக்குப் பொழுதே சாயமாட்டேங்குது. பழையபடி மாத்திட மாட்டீங்களா?"

சொல்லிவிட்டு, இணைப்புக்காரரைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆராய்ச்சி உருகிப்போனான். மருமகன் உழைக்கிற சத்தத்துக்கு ஏங்கும் மாமனார் யாருக்குக் கிடைப்பார்? கரும்புகையிடம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன! சுவிட்ச் பிடுங்குகிற குறடை எடுத்தான்.

"என்ன பண்றீங்க?" என்று மனைவி பதறினாள்.

"உங்க அப்பா கேட்கிறார். உனக்கு இது புரியாது. இது ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல இருக்கிற மரியாதை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு நீலத்தைத் திரும்பப் பதிக்கத் தொடங்கினான். முதலில் ஸ்பேஸ் பாருக்கு.

பாதி பதித்து முடித்தபோது மாமனார் அறைக் கதவு திறந்தது. இணைப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

"நெட் என்னாச்சு, தம்பி? சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான் ஆராய்ச்சி, தலை நிமிராமல்.

"நெட்டு பக்காவா இருக்கு சார். ஆனா பெரியவர் கேட்கிறதை எங்க கம்பெனியால பண்ண முடியாது. 'மாப்பிள்ளை குதிக்கிற சத்தம் சுவர் வழியா வரமாட்டேங்குது, கரும்புகையோட மானமே போகுது, அதை மட்டும் திரும்ப வரவழைச்சுக் கொடுப்பா'ன்னு சொல்றார்!"