கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலி

பிட்டர் க்ரீக், அரிசோனா
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் லைல் அவர்களுக்கு, தம்பி வெண்டல் எழுதிக்கொண்டது. இவ்விடம் இன்றுவரை எல்லோரும் சுகம். நாளை மதியத்துக்குப் பிறகு என் சுகத்துக்கு நான் பொறுப்பில்லை.

நம் 'கடைசித் தோட்டா' உணவகத்தைத் திறந்த அன்று நீங்கள் சும்மா இருந்திருக்கக் கூடாதா? ஒற்றைக்காது ஜெத்ரோ என்ற கொள்ளைக்காரன் கதவுக்கு முதுகைக் காட்டி பீன்ஸ் தின்றுகொண்டிருந்தபோது இதே இடத்தில்தான் சுடப்பட்டான் என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டு, டூசானுக்குக் காரேறிவிட்டீர்கள். அந்த வாரமே முடிவெட்டும் ஆர்வில் அப்படி உட்கார்ந்தார். பீன்ஸ் தொண்டையில் சிக்கி முகம் நீலமாகிவிட்டது. அடுத்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் புரூடென்ஸ் அம்மாள் உட்கார, நாற்காலிக் கால் முறிந்தது. அவர் எடையைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை, பழியை ஜெத்ரோ தலையில் போட்டுவிட்டார்கள். அன்றுமுதல் ஊரே பஸ்ஸில் உட்காருவதுபோல ஒரே திசையில், கதவைப் பார்த்தே உட்காருகிறது. வெளியூர்க்காரன் எவனாவது கதவைத் திறந்தால் முப்பது பேரும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு முறைக்கிறார்கள். அவன் "ஸாரிங்க"ன்னு சொல்லிட்டு ஓடியே போயிடறான்.

வெளியூர் வியாபாரம் கெடுகிறதென்று இன்று காலை டார்லீன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அறிவித்துவிட்டாள்: "நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்காரரே கதவுக்கு முதுகக் காட்டி உக்காந்து ஒரு தட்டு பீன்ஸ் முழுசா சாப்பிடுவாரு. எல்லாரும் வந்து பாருங்க!"

"இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியிருக்கீங்கல்ல?" என்றார் ஆர்வில்.

அண்ணா, எனக்கு பயமா இருக்கு. பொய்னு தெரிஞ்சும் பயமா இருக்கு. ஒத்திகைக்கு உக்காந்தேன், பின்கழுத்துல யாரோ ஊதுன மாதிரி இருந்துச்சு. ஃபேன் காத்துங்கறா டார்லீன். ஃபேன் ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சு! இதைச் சாயங்கால பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். 'அது நான் கட்டிவிட்ட கதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். வாசலில் ஒட்டிவிட்டு உயிர் பிழைத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் நம் எல்லோருடைய முதுகையும் காப்பாராக.

தங்கள் தம்பி,
வெண்டல்

பி.கு.: பஸ்ஸைத் தவறவிட்டேன், கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டைக் காலி செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. "சே, இவ்வளவுதானா!" என்று ஆர்வில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே மற்றவர்களும். அதற்குப் பிறகு ஒரு வாரமாக ஈ காக்கைகூட இந்தப் பக்கம் வரவில்லை. இப்போதுதான் அண்ணா, நிஜமாகவே குலை நடுங்குகிறது. கதை பொய்யென்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். முடிந்தால் நேரில் வந்து, ஜன்னலோரமாக இன்னும் ஒருத்தனைச் சுட்டுவிட்டுப் போங்கள்.