கில்லாடி காலமானார்

வந்தவரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததுமே கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அட்டையில் இருந்த சின்னமும், மேஜையில் வாய் பிளந்து கிடந்த வீடியோ கேம் பெட்டியின் மூடியில் இருந்த சின்னமும் ஒன்று.

பெட்டி செய்யும் கம்பெனிக்காரர், நேராகக் கடைக்கே வந்துவிட்டார்!

வெளிப் பலகையில் ‘கேம் பெட்டிகள் பழுது பார்க்கப்படும்’ என்றுதான் இருந்தது. ஆனால் கடை ஓடியது பழுதால் அல்ல. விலை கொடுத்து வாங்காத விளையாட்டு ஓடக்கூடாது என்று கம்பெனி பெட்டிக்குள் ஒரு பூட்டு போடும். கடைக்காரர் அதைத் திறந்துவிடுவார். கம்பெனி வேறு பூட்டு போடும். அதையும் திறப்பார். இப்படியே போனதில் ‘கில்லாடி’ என்று பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு உச்சி குளிரும்.

“கில்லாடிங்கிறது நீங்கதானா?” என்றார் வந்தவர்.

இன்றைக்குக் குளிர்க் காய்ச்சலே வந்துவிட்டது.

“சேச்சே! நான் சும்மா தூசி தட்டிக் குடுக்கிறவன் சார்.”

“அப்ப அவர் எங்க?”

‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பயத்தில் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

“வெளிநாடு போயிட்டார் சார்.”

“எந்த நாடு? சொல்லுங்க, நாளைக்கே கிளம்பறேன்.”

விமானம் ஏறிப் போய்ப் பிடிக்கிற அளவுக்கா கோபம்! கடைக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“போய்ப் பிரயோஜனம் இல்ல சார். அவர் போய்ச் சேர்ந்துட்டார்.”

“அதான் வெளிநாடு போயிட்டார்னு சொன்னீங்களே.”

“அது இல்ல சார். ஒரேயடியா போய்ச் சேர்ந்துட்டார்.”

கம்பெனிக்காரர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“ஐயையோ! எப்படி?”

“கொன்னுட்டேன்!” என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கூவியது. “ஒரே குண்டு! ஆள் காலி!”

பின்னறையில் மாமியார் விளையாடிக்கொண்டிருந்தார். பூட்டுத் திறந்த பெட்டியில் எந்த விளையாட்டும் ஓசி என்று தெரிந்த நாளிலிருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் கொன்றவர்களுக்குக் கணக்கே கிடையாது.

“யாருங்க அது?”

“என் மாமியார் சார். சீரியல் பார்க்கிறாங்க. கொஞ்சம் ஒன்றிப் போயிடுவாங்க.” உள்ளே திரும்பி, “அம்மாகிட்ட சத்தம் போட வேணாம்னு சொல்லும்மா!” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

மனைவி ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்று கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடுங்கினாள். அது ஹெட்போன் ஒயர். தெருமுனைவரை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பதறிப் போய் ஒரு ஒயரை எடுத்துச் செருகினாள். அது இன்டர்நெட் ஒயர். பூட்டு உடைந்த பெட்டி நெட்டில் ஏறினால் கம்பெனி மோப்பம் பிடித்துவிடும். பிடித்தது.

“இது திருட்டு நகல்! இது திருட்டு நகல்!” என்று பெட்டி அலறியது.

மாமியார் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். “மாப்பிள்ளை! எவனோ உள்ளேயிருந்து நம்மளைத் திருடன்கிறான். என்னன்னு கேளுங்க!”

கம்பெனிக்காரர் எழுந்தார். “அந்தப் பெட்டியைத் திறந்தது யாரு?”

“கில்லாடிதான் சார்,” என்றார் கடைக்காரர் ஈனக்குரலில். “சாகறதுக்கு முன்னாடி.”

“யாரு செத்தது?” என்றபடி மனைவி வந்தாள்.

“கில்லாடி.”

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடையாள அட்டையைப் பார்த்தாள். சட்டென்று முகம் வாடியது.

“ஆமா சார். நல்ல மனுஷன். வீட்டுல ஒரு வேலை சொன்னா மட்டும் செய்ய மாட்டார்.”

“கில்லாடியா?” என்றார் மாமியார். “காலையில கூட மாப்பிள்ளை இங்க...”

“பேசாம அழும்மா!”

மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒப்பாரியே வைத்துவிட்டார்.

கம்பெனிக்காரர் மேஜையில் கிடந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். முடி கனத்தில் இழுத்துப் பற்ற வைத்திருந்த கம்பிகளை விரலால் தடவினார். அவர் முகம் சிவந்தது. ‘கோபம் தலைக்கேறுது’ என்று கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவங்க குடும்பத்துக்கு என் வருத்தத்தைச் சொல்லிடுங்க.”

“கண்டிப்பா சொல்றேன் சார்.”

அவர் தள்ளாடியபடி படியிறங்கினார். கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விட்டார்.

“பார்த்தியா? ஜெயிலுக்குப் போக வேண்டியவன். வாயாலயே தப்பிச்சேன்!”

“போதும்மா, அழுகையை நிறுத்து,” என்றாள் மனைவி.

அப்போது காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் தலையை நீட்டினார். கம்பெனிக்காரரின் டிரைவர். மேஜையில் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டவர், போகாமல் நின்றார்.

“பாவங்க, கார்ல உக்காந்து தேம்பறார். கம்பெனியில புதுசா போட்ட பூட்டு அவங்களுக்கே திறக்கலையாம், அந்தக் கில்லாடியைக் கையோட கூட்டிட்டுப் போய்ப் பூட்டுப் பிரிவுக்கே தலைவராப் போடலாம்னுதான் இவ்வளவு தூரம் வந்தோம். நீங்க அவருக்கு ரொம்ப நெருங்கின சொந்தமா?”