மந்திரி வீட்டு வாய்க்கால்

டோப்ரோபோல்,
சஸ்காச்சுவான்.
ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வந்ததும்.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் தாராஸ் அவர்களுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார்! "மெய்யாகவே உயிர்த்தார்" என்று எட்மண்டனில் இருந்தபடியே நீங்கள் பதில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை லெசியாவும் நலம். இந்த நலத்தைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. சில வாரங்களாக எழுத முடியாமல் இருந்த சொல் அது. வானொலியில் கேட்ட செய்தியை நம்பி உங்கள் வீட்டு மரூசியா அக்கா போன் பண்ணி, "நெஸ்டர், வீடு ரெண்டாப் போச்சா?" என்று அழுதார்கள். அன்றைக்கே நடந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் காதுக்கு எட்டும்படி நான் போனில் பேசினால் அது ஊர்க் கூட்டுறவுக் கடை வரைக்கும் எட்டிவிடுகிறது. அதனால்தான் கடிதம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். லெசியாவின் மந்திரி பதவி போகவில்லை. எனக்கு அபராதம் இல்லை. படுக்கையும் நிலவறையிலிருந்து பழைய அறைக்கே திரும்பிவிட்டது.

உங்கள் தங்கை அரசியலுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வை வரும். அவள் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊர்க் குப்பைமேட்டில் போட்டுக் கொளுத்திய புகை தினமும் பேருந்துக்குள் வந்தது. மனு கொடுத்தாள், ஊராட்சிக்காரர்கள் காற்று திசை மாறினால் சரியாகிவிடும் என்று பதில் எழுதினார்கள். ஒரு நாள் பேருந்தை நேரே ஊராட்சிக் கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பிள்ளைகளை எல்லாம் உள்ளே இறக்கி, "இப்ப இருமுங்கடா" என்றாளாம். அவர்கள் இருமிய இருமலில் குப்பைமேடு மூடப்பட்டது, அடுத்த தேர்தலில் இவள் ஊராட்சித் தலைவி ஆனாள், அதற்கடுத்து சட்டசபை. அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து பல வருஷம் ஏரியையும் மதகையும் பற்றியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஜனவரியில் கோயில் விருந்துக்காகப் பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தபோது முதல்வர் போன். நான்தான் எடுத்தேன். "கையெல்லாம் மாவு, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொல்லு" என்றாள். முதல்வரிடம் அப்படியே சொன்னேன். அவரும் பொறுத்துக் கூப்பிட்டார். சுற்றுச்சூழல் மந்திரி ஆகிறாயா என்று கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்தவள், "குப்பைமேட்டையே பார்த்தாச்சு, இதையும் பாத்துடலாம்" என்றாள்.

மந்திரி ஆனதும் அவள் கொண்டுவந்த முதல் சட்டம், அனுமதி இல்லாமல் எவனும் தன் நிலத்துக் குட்டையை வெட்டி வடிக்கக் கூடாது, ஏற்கெனவே வெட்டிய வாய்க்காலுக்கும் அதே விதி என்பது. மேட்டில் இருப்பவன் வடித்தால் பள்ளத்தில் இருப்பவன் முழுகுகிறான், வாத்துக்குத் தண்ணீர் இல்லை, ஏரிக்கு உரச்சாக்கடை மிச்சம். ஒரு தாளையும் பார்க்காமல் பேசினாள், மச்சான். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நான்தான் முதலில் கை தட்டினேன். இரண்டு கையும் சேர்ந்து பிரிந்த ஒரு நொடியில், போன அக்டோபரில் அவள் ரெஜைனாவில் சபைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பொக்லைன் வாடகைக்கு எடுத்து, எங்கள் வடக்கு நிலத்துக் குட்டைக்கு நான் வெட்டிவிட்ட வாய்க்கால் ஞாபகம் வந்தது. பிரிந்த கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், "கையில வாதமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெட்டியபோது அது தப்பாகவே படவில்லை. குட்டை காய்ந்தால் கனோலா எண்ணெய்வித்துக்கு நல்ல நிலம். அவளிடம் "இந்த வருஷம் மழை கம்மி, குட்டை தானா வத்திப்போச்சு" என்று சொல்லிவைத்திருந்தேன். சட்டம் வந்த பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. மூடலாம் என்றால் நிலம் பாறையாக உறைந்து கிடந்தது. பனி உருகட்டும், சத்தமில்லாமல் மூடிவிடுவோம் என்று இருந்தேன். பனி உருகுவதற்குள் தண்ணீர் இலாகாவிலிருந்து தபால் வந்துவிட்டது. வடக்கு நிலத்தில் அனுமதியற்ற வாய்க்கால் இருப்பதாகப் புகார், ஆய்வுக்கு அதிகாரி வருவார், அதுவரை வாய்க்காலில் கை வைக்க வேண்டாம்.

புகார் செய்தவர் பெயர் இல்லை. பெயர் எதற்கு? எங்களுக்குக் கீழே பள்ளத்தில் நிலம் வைத்திருப்பவன் எய்னர் ஹால்வர்சன் ஒருத்தன்தான். என் தண்ணீர் போய் நிற்பதும் அவன் புல்வெளியில்தான். நேரே கூட்டுறவுக் கடை காபி மேசைக்குப் போனேன். ஊரே உட்கார்ந்திருந்தது.

"ஏன்யா எய்னர், முதுகுல குத்தறதுக்கு உனக்கு என் முதுகுதான் கெடச்சுதா?"

அவன் காபியைக் கீழே வைக்கவே இல்லை. "உன் முதுகு எனக்கெதுக்கு? போன அக்டோபர்லேருந்து உன் மூஞ்சிக்கு நேராத்தானே சொல்லிட்டு வரேன், உன் தண்ணி என் புல்லுல நிக்குதுன்னு. நீ காதுல வாங்கினியா?"

"அப்ப எழுதிப் போட்டது யாரு?"

"எனக்குக் கையெழுத்தே கோழி கிண்டின மாதிரி இருக்கும். நான் எழுதினா அவங்களுக்குப் படிக்கவே ஒரு வருஷம் ஆகும். போய் வேற ஆளப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நம்பவில்லை. உன் வேலியில் இனி என் கை படாது, என் வேலியில் உன் கை படக்கூடாது என்று கத்திவிட்டு வந்தேன். அந்தக் கத்தல்தான் வினை. யாரோ யாரிடமோ சொல்லி, அது ரெஜைனாவில் எதிர்க்கட்சி காதுக்குப் போய்விட்டது.

நான் தெற்கு நிலத்தில் விதைத்துக்கொண்டிருந்தேன். டிராக்டரில் வானொலி ஓடியது. சபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், "ஊருக்கெல்லாம் வாய்க்கால் சட்டம் போடும் மந்திரிக்குத் தன் வீட்டுக் கொல்லையில் ஓடும் வாய்க்கால் தெரியுமா?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். அடுத்து உங்கள் தங்கையின் குரல் வந்தது. "தெரியும். வெட்டியவர் என் கணவர். புகார் கொடுத்தது நான்."

மச்சான், நாற்பது வருஷமாக நூல் பிடித்த மாதிரி விதைக்கிறவன் நான். அந்த இடத்தில் வரிசை வளைந்து, சாலை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. முளைத்ததும் பாம்பு படுத்த மாதிரி தெரியும். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

வெள்ளிக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்தாள். நான் முன்னாடியே போர்ஷ்ட் சூப் சுடவைத்து, ரொட்டி வெட்டி, அதிகமாகவே மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்றேன்.

"குருத்து ஞாயித்துக்கு மந்திரிக்க, ஓலைக்குப் பதிலா வில்லோ மரக்கிளை ஒடிக்கப் போனேன்ல? நீ சொன்ன மாதிரியே குட்டையில தண்ணியக் காணோம். கரை மரமெல்லாம் காஞ்சு நிக்குது. பக்கத்துல ஒரு வாய்க்கா, அதோட கரையில உறைஞ்சு கிடந்த உன் பூட்ஸ் தடம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ மறுபடியும் பொய் சொல்லியிருப்ப. அப்புறம் குத்தம் மூணாயிருக்கும். ரெண்டோட நிக்கட்டும்னுதான் கேக்கல."

போர்ஷ்டை முன்னால் நகர்த்தினேன். அவள் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, ராஜினாமாவை முதல்வரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆய்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் அதை மேசைக்குள் வைத்திருக்கிறாராம். "என் புருஷன் அந்தச் சட்டத்த மீறினப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்தவன் நிலத்துல கால் வைப்பேன், சொல்லு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். குப்பைமேட்டுப் புகையில் கண் சிவந்து வீட்டுக்கு வருவாளே, அந்த முகம். நானே தலையணையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிட்டேன்.

கை வைக்காதே என்று இலாகா சொல்லியிருந்தும், அவள் திரும்ப ரெஜைனா போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதிகாரி வரும்போது வாய்க்காலே இல்லையென்றால் பிரச்சினையும் இல்லையே என்று, மறுபடியும் பொக்லைன் எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்காலை நெருங்குவதற்குள்ளேயே வண்டி சேற்றில் இறங்க ஆரம்பித்தது. உருகின பனித் தண்ணீர் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சக்கரம் முழுசாக முழுகிவிட்டது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் தவளை கத்துகிறது. கடைசியில் போன் பண்ணிக் கூப்பிட ஊரில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். எய்னர் டிராக்டரும் சங்கிலியுமாக வந்து இழுத்துவிட்டான்.

"உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்யா" என்றேன்.

"அது இப்பத்தான் தெரியுதா?" என்று சங்கிலியைச் சுருட்டினான். சுருட்டி முடித்துவிட்டு, "உன் பொண்டாட்டி மாதிரி எனக்கு ஒருத்தி இருந்திருந்தா நானும் ஒழுங்கா இருந்திருப்பேன்" என்றான். பிறகு வீட்டுக்கு வந்து பெரோகி சாப்பிட்டுவிட்டுப் போனான். வேலி விஷயம் அதோடு தீர்ந்தது.

போன வியாழக்கிழமை ஆய்வு. மிஸ் டெலார்ம் என்று ஒரு அதிகாரி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஆய்வுக்காக ஊருக்கு வந்திருந்த லெசியா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், மந்திரி கூட வந்தால் அதிகாரியை மிரட்டியதாக ஆகிவிடும் என்று. நான் தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி பின்னால் நடந்தேன். குட்டை வந்தது. மச்சான், நிஜமாகவே குட்டை! கரை தொட்டுத் தண்ணீர். அதன் மேலே வாத்துகள், ஏதோ வாடகை கொடுத்துக் குடியிருப்பவை மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நீந்துகின்றன.

"சார், வாய்க்கா எங்கே?" என்றாள் அந்தப் பெண்.

என் வாய்க்காலின் வாயில் குச்சியும் சேறும் கல்லுமாக ஒரு அணை. நம் ஐந்து காசு நாணயத்தில் தட்டை வாலோடு ஒரு பிராணி உட்கார்ந்திருக்கிறதே, மரத்தைக் கடித்து அணை போடும் அந்த பீவர் கட்டியது. நான் வெட்டுவதற்கு எத்தனை நாள் பட்ட பாடு, அது கூலியே இல்லாமல் அடைத்துவிட்டது.

"ஓடற தண்ணி சத்தம் கேட்டா அதுக்குத் தூக்கம் வராது சார். அடைச்சாத்தான் நிம்மதி" என்றாள் மிஸ் டெலார்ம். படம் எடுத்தாள், அளந்தாள். கடைசியில், "குட்டை பழைய மட்டத்துக்கு வந்தாச்சு, வாய்க்கா செத்துப்போச்சு. அணையை யாரும் தொடாம இருந்தா கேஸ மூடிடலாம். திங்கக்கிழமை இன்னொரு தடவை வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். எனக்கு அவள் பூட்ஸைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. குட்டையைப் பார்த்து ஒரு சிலுவை மட்டும் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். லெசியா முதலில் நம்பவில்லை. பூட்ஸ் மாட்டிக்கொண்டு தானே போய்ப் பார்த்தாள். கரையில் நின்று சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். "என் இலாகாவுல ஒழுங்கா வேலை செய்யறது இது ஒண்ணுதான்" என்றாள். சாயங்காலம் முதல்வர் போன் பண்ணி, ராஜினாமாவைக் கிழித்துப் போட்டதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு, நிலவறைக் கதவைத் திறந்து, "தலையணைய எடுத்துட்டு மேல வா" என்றாள். அவ்வளவுதான் மச்சான். முதுகிலிருந்து ஒரு தானியக் கிடங்கையே இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. வாய்க்காலே இனி வேண்டாம், அந்த இடத்தில் விளையாத கனோலா எனக்கு வேண்டவே வேண்டாம்.

மரூசியா அக்காவைக் கவலையில்லாமல் தூங்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், உங்கள் இடது காதுக்குக் கொஞ்சம் கேள்வித்திறனும் அருள்வாராக.

என்றும் உங்கள் தங்கைக்கு அடங்கிய,
நெஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எய்னர் வந்தான். முழங்கை வரைக்கும் சேறு, முகமெல்லாம் பூரிப்பு. "நெஸ்டர், பீவர் உன் நிலத்த முழுக அடிச்சிருச்சே! மந்திரி புருஷன் நீ, அதுல கை வைக்க முடியாது. எனக்கென்ன? காலையிலேருந்து ஒண்டியா நின்னு அணையப் பிரிச்சு எறிஞ்சிட்டேன். என் புல்லு முழுகினா முழுகிட்டுப் போகட்டும். பக்கத்து நிலத்துக்காரன்னு எதுக்கு இருக்கேன்?" என்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அணை இருந்தால்தான் கேஸ் மூடும் என்று நான் சொன்னதும் அவனும் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். நாளை திங்கட்கிழமை. மிஸ் டெலார்மோடு முதல்வரும், பீவரைப் படம் பிடிக்க டிவிக்காரர்களும் வருகிறார்களாம். காலையிலேயே ரெஜைனாவுக்குக் கிளம்பிப் போய்விட்ட லெசியாவிடம் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம், "இந்தத் தடவையாவது எனக்கு முன்னாடி நீயே புகார் குடுத்துடு" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. அப்போதிலிருந்து புகார் எண்ணுக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது போட்டாலும் லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் பள்ளத்து வீட்டில் எய்னர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் நெஞ்சைத் தானே தட்டித் தட்டி யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறான்.