தையல்கடைக் கண்ணாடி

"முதல் பரிசு வாங்குறவங்க எல்லாம் வரிசையா நில்லுங்க!" என்று விளையாட்டு டீச்சர் கத்தினார். நீளம் தாண்டுவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்து, அதனாலேயே 'தவளை' என்று பட்டப்பெயர் வாங்கிய சிறுமி மேடைத் திரையை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் இரண்டு பாட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள்!

அப்பாவைப் பெற்றவர் பின்னல் பாட்டி. காலையில் எண்ணெய் வைத்து, இழுத்த இழுப்பில் புருவம் மேலே ஏறும்படி இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து ரிப்பன் கட்டினால்தான் அவருக்குப் பொழுது விடியும். அம்மாவைப் பெற்றவர் அடுத்த தெரு ஸ்கூட்டர் பாட்டி. தினமும் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அவர்தான். "இந்தக் கொம்பு ரெண்டுக்கும் மேல ஹெல்மெட் எப்படிடி ஏறும்?" என்று அத்தனையையும் அவிழ்த்து, ஒற்றைக் குதிரைவாலாகப் போட்டுவிடுவார். "வீட்டுக்கும் இப்படியே போ. என்ன பயம்?"

பயமெல்லாம் இல்லை. பின்னல் பாட்டியின் மனசு நோகக்கூடாது, அவ்வளவுதான். அதனால் சாயங்காலம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தையல்கடைக்குள் நுழைந்து மறுபடி பின்னிக்கொள்வாள். அந்தக் கடைக் கண்ணாடி ஒரு விசித்திரம். சட்டை போட்டுப் பார்க்க வரும் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக் குனிவார்கள். தவளைக்கு மட்டும் அளவெடுத்ததுபோல் இருக்கும். பக்கத்து ஆணியில் ஒரு சீப்பும் தொங்கும்.

"சாயங்காலம் வரைக்கும் கலையலையே! என் கை பின்னின பின்னல்னா சும்மாவா?" என்பார் பின்னல் பாட்டி.

"உங்க பாட்டி ஒண்ணும் சொல்லலையா?" என்பார் ஸ்கூட்டர் பாட்டி மறுநாள்.

"நல்லாருக்குன்னாங்க பாட்டி."

மூன்று வருஷமாக இருவருக்கும் ஒன்றும் தெரியாமல் காப்பாற்றிவிட்டாள். பரிசைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை.

இன்று கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது, வரமுடியாது என்று ஸ்கூட்டர் பாட்டி சொல்லியிருந்தார். அதை நம்பி அம்மாவோடு நடந்தே, பின்னலோடு வந்துவிட்டாள். இப்போது பார்த்தால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார்! மேடையில் பின்னலைப் பார்த்தால், தன் குதிரைவால் பேத்திக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரே!

அவசரமாக இரண்டு பின்னலையும் அவிழ்த்தாள். வெளியே பின்னல் பாட்டியின் குரல் கேட்டது. "என் பேத்தி வருவா, அந்தப் பின்னலைப் பாருங்க!"

ஐயோ! மறுபடி பின்னினாள். இடது பக்கம் முடிந்தது. கட்டப் போகையில் ரிப்பன் இரண்டும் கை நழுவித் தண்ணீர் வாளிக்குள் போயின.

"என்னடி அலங்கோலம் இது? இந்தா, தொப்பி" என்று டீச்சர் தலையில் கவிழ்த்து மேடைக்குத் தள்ளிவிட்டார். தப்பித்தோம் என்று போனால், பதக்கம் போட வந்த சிறப்பு விருந்தினர் சிரித்தபடி, "முகம் தெரிய வேண்டாமா?" என்று தொப்பியை எடுத்துவிட்டார்.

ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் துடைப்பம். சபையே சிரித்தது. தவளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பாட்டிகளும் எழுந்து மேடையேறி வந்தார்கள். போச்சு, இரண்டு பேர் மனசும் ஒரே நேரத்தில் உடையப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சம்பந்தி, ரிப்பன் இருக்கா?"

"இருக்கு. உங்ககிட்ட ரப்பர் பேண்டு?"

கண்ணைத் திறந்தாள். ஸ்கூட்டர் பாட்டியின் கைப்பையிலிருந்து ரிப்பன் வந்தது. பின்னல் பாட்டியின் முந்தானை முடிச்சிலிருந்து ரப்பர் பேண்டு வந்தது. இடது பின்னலில் ஒருவர் ரிப்பனை இறுக்கினார், வலது பக்கம் ஒருவர் குதிரைவால் போட்டார்.

"இப்ப எடுங்க போட்டோவை. எங்க பேத்தி!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சபை கை தட்டியது. தவளைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கீழே இறங்கியதும், "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள். இரண்டு பாட்டிகளும் கூரையைப் பார்த்தார்கள்.

தான் தைத்த விளையாட்டு உடையைப் பார்க்க வந்திருந்த தையல்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கண்ணாடியை என் கடையில மாட்டினதே இவங்க ரெண்டு பேரும்தானே பாப்பா? வருஷா வருஷம் ஒண்ணா வந்து, 'புள்ள வளந்துட்டா, ஆணியைக் கொஞ்சம் ஏத்தி அடிங்க'ன்னு சொல்லிட்டுப் போவாங்க."