மழை நின்றதும் வருகிறேன் என்ற தாசில்தார்

செத்துப்போன ஒரு தாசில்தார் மேல் கோபித்துக்கொண்டு மத்தியானச் சோற்றை ஒதுக்கிவைத்த மனிதர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே ஒருவர்தான். எங்கள் ரிமைண்டர். அந்தத் தாசில்தார் செத்து எப்படியும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். சோறு அன்றைக்கு வடித்தது. கூட வத்தக்குழம்பு வேறு.

நட்டும் போல்ட்டும் செய்கிற நடுத்தர ஆலை எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அவர் டெஸ்பாட்ச் கிளார்க். உள்ளே வருகிற கடிதமும் வெளியே போகிற கடிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது; எங்கள் எல்லாருக்கும் அவர் ரிமைண்டர்தான். எழுதிய கடிதத்துக்கு ஏழு நாளில் பதில் வராவிட்டால் முதல் நினைவூட்டல், பதினாலாம் நாள் இரண்டாவது, இருபத்தோராம் நாள் மூன்றாவது. இதில் ஆள் பார்க்க மாட்டார்.

ஒருமுறை தன் தலைக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை என்று மேனேஜருக்கு எழுதினார். மேனேஜர் அறைக்கும் அவர் மேஜைக்கும் நடுவே பதினாலு அடி. நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன். ஏழாம் நாள் பதில் இல்லை. நினைவூட்டல் பதிவுத் தபாலில் போயிற்று. அது தபால் ஆபீஸைச் சுற்றிவிட்டு இரண்டு நாள் கழித்து எங்கள் ஆலைக்கே வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவரும் ரிமைண்டர்தான். வாங்குவது அவர் வேலை.

"எழுந்து போய் வாயால சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னா இன்னா சார் ஆதாரம்? நாளைக்கு நான் சொல்லவே இல்லன்னு அவரு சொன்னா?"

இப்படிப்பட்டவரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது மேனேஜர் செய்த பிழை. ஆலையின் வடக்கு எல்லையில் ஒரு தகராறு. பழைய கடிதம் ஒன்றின் நகல் தேவைப்பட்டது. "எழும்பூர் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். ஒரு நாள் வேலை. மறுநாள் காலை ரிமைண்டர் என் ஸ்டோர்ஸுக்கு வந்து நின்றபோது அவர் சட்டைக் கையில் பழுப்பான காகிதத் தூள் ஒட்டியிருந்தது. முகம் கோயிலுக்குப் போய்வந்தது போல் இருந்தது.

"சார், ரூம் ரூமா பைலு! வெள்ளக்காரன் எழுதுன லெட்டரு, அதுக்கு நம்ம ஆளு போட்ட பதிலு, அந்தப் பதிலுக்கு அவன் கேட்ட கேள்வி... ஒண்ணு உடாம நம்பர் போட்டு கட்டி வச்சிக்கீறாங்க சார்."

எங்கள் ஆலைக்கு வார விடுமுறை புதன்கிழமை. அதற்கப்புறம் ஒரு புதன்கிழமைகூட அவர் வீட்டில் இருந்ததில்லை. காலை நாஷ்டாவே எழும்பூர் போகிற ரயிலில்தான். ஒருமுறை நானும் கூடப் போனேன். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஆறு பென்சில்களைச் சீவி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் கிடந்தது. தொட்டால் உதிர்கிற காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்தார். ஓரிடத்தில் யாரோ ஒரு குமாஸ்தா மை கொட்டியிருந்தார். அந்தக் கறையையும் அதே அளவில் வரைந்து, உள்ளே பென்சிலால் கருப்படித்தார்.

"கறையை எதுக்கு வரையறீங்க?"

"அப்பதான சார் நகலு."

செத்த அதிகாரிகளெல்லாம் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கேண்டீனில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "அந்த சப் கலெக்டரு லீவு லெட்டர் பாத்தேன் சார். கல்லீரல்ல கோளாறாம், டாக்டரு மலைக்குப் போவச் சொன்னாராம். போனான். போயி அங்கேர்ந்து ஒரு லெட்டரு, குதிரைக்குக் கொள்ளு அனுப்புன்னு. கல்லீரலுக்கு எதுக்கு சார் குதிர?" இன்னொரு நாள் ஒரு மேஜையின் கதை. கால் உடைந்த மேஜையைப் பழுது பார்க்க அனுமதி கேட்டு முப்பத்தோரு கடிதங்கள். முப்பத்தொன்றாவதில் அனுமதி வந்தது. முப்பத்திரண்டாவதில், மற்ற மூன்று கால்களையும் இதற்குள் கரையான் தின்றுவிட்டதாகப் பதில் போனது. ரிமைண்டர் சிரிக்கவில்லை. "பதில் போட்டான் பாருங்க சார், மனுசன்!" என்றார்.

சோற்றை ஒதுக்கிய நாளுக்கு வருகிறேன். அது ஐப்பசி மாதம், வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு ஐம்பது. தட்டில் கை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். நேத்து ஒரு பைலு பாத்தேன். அது இன்னும் முடியல."

பையிலிருந்து பென்சில் நகல்களை எடுத்தார். எங்கள் ஆலைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியவில்லை, ஒரு சிறுபாலம் கட்டித்தர வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். கீழே "முனுசாமி மற்றும் பலர்." கலெக்டர் தாசில்தாரிடம் அறிக்கை கேட்டார். தாசில்தார் எழுதிய பதில் இரண்டே வரி: மழை பெய்துகொண்டிருப்பதால் இடத்தைப் பார்வையிட முடியவில்லை. மழை நின்றதும் நேரில் பார்த்து அறிக்கை அனுப்புகிறேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்பால ஒண்ணுமே இல்ல சார். கட்டு முழுக்கத் தேடிட்டேன். ஒரு ரிமைண்டர்கூட யாரும் போடல!" கண் கலங்கியிருந்தது.

குழம்பு வாளியோடு நின்றிருந்த கஸ்தூரிதான் பேசினாள். கேண்டீனில் காய் நறுக்கிப் பரிமாறுகிறவள். அவள் ஊர் அதுதான்.

"இன்னாண்ணா, எங்க ஊரு ஓடையா? அது இன்னிக்கும் அப்படியேதான கீது! நான் தெனம் பொடவையத் தூக்கிச் சொருவிக்கினு, இடுப்புத் தண்ணில எறங்கித்தான் வரேன். போன மழைக்கு ஏழு நாளு வர முடியல. இந்த வாட்டி மூணு நாளு நின்னா வேற ஆளப் போட்டுக்கறேன்னு காண்டிராக்டரு சொல்லிட்டாரு." வாளியைக் கீழே வைத்தாள். "ஊட்டுக்காரரு படுத்த படுக்கை. இந்த வேலையும் போச்சுன்னா இன்னா பண்ணுவேன்?"

ரிமைண்டர் அவளையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தார். கை கழுவினார். கழுவ அவசியமே இல்லை, அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு, சம்பந்தப்பட்ட தாலுகா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. நான் படித்தேன். "பார்வையில் காணும் தங்கள் அலுவலகக் கடிதத்தில், மழை நின்றதும் அறிக்கை அனுப்புவதாகத் தெரிவித்திருந்தீர்கள். அறிக்கை இதுவரை வரப்பெறவில்லை. விரைந்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்." 'பார்வை' என்ற வரியில் அந்தப் பழைய கடிதத்தின் எண், தேதி, வருஷம் எல்லாம் சரியாக இருந்தன. வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது.

"இதை அனுப்பினா உங்களைப் பைத்தியம்னு சொல்வாங்க."

"சொல்லட்டும் சார். எழுத்துல சொல்லணும்."

ஏழாம் நாள் ஒரு நினைவூட்டல். பதினாலாம் நாள் இன்னொன்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரிமைண்டரின் மனைவி கஸ்தூரியைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். கணவரைப் பார்த்துக்கொள்ள ஊரில் நாத்தனார் இருந்தார். "எத்தினி நாளைக்குண்ணா இப்டி உங்க ஊட்டுல?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ரிமைண்டர் நாட்காட்டியைப் பார்ப்பார்.

இருபதாம் நாள் தாலுகா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் வாழ்க்கையில் நான் பல கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் படித்ததும் ஸ்டோர்ஸில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மேற்படி மனு தொடர்பாக, மனுதாரர் திரு. முனுசாமி, அசல் ஆதார் அட்டையுடன், வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி செய்யப்படும்."

"தள்ளுபடி ஆனா பைலு மூடிடுவாங்க சார்," என்றார் ரிமைண்டர்.

"அவரு செத்து மண்ணாயிட்டாரேண்ணா! ஆதாருக்கு எங்க போவாரு?" என்றாள் கஸ்தூரி. பிறகு யோசித்து, "ஆனா எங்க ஊர்ல முனுசாமி இல்லாத ஊடு ஏது?" என்றாள்.

அவள் சும்மா சொன்னாள். அவர் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். தடுக்கப் போனேனா வேடிக்கை பார்க்கப் போனேனா என்று இன்றுவரை தெளிவில்லை. பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. முன்னாலிருந்து ரிமைண்டரும் கஸ்தூரியும் இறங்கினார்கள், பின்னாலிருந்து ஒவ்வொருவராக மற்றவர்கள். ஒன்பது முனுசாமிகள். எண்பது வயதுக்காரர் முதல் காலேஜ் படிக்கிறவன் வரை. ஒன்பது பேர் கையிலும் ஆதார் அட்டை. எல்லார் வேட்டியும் பேண்ட்டும் இடுப்பு வரை ஈரம்.

தாசில்தார் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். "இதுல யாரு மனுதாரர் முனுசாமி?"

ஒன்பது கைகளும் உயர்ந்தன.

"எறக்குங்க, எறக்குங்க," என்று பதறினார் ரிமைண்டர். "மேடம், இவங்க யாரும் மனுதாரர் இல்ல. மனுதாரர் காலமாயிட்டாரு. இவங்களுக்குப் பேரு பொருந்துது, ஊரு பொருந்துது. அவ்ளோதான். பொய் சொல்ல மாட்டோம்."

"எப்ப காலமானார்?"

எண்பது வயது முனுசாமி தொண்டையைச் செருமினார். "எங்க தாத்தாவோட தாத்தா மேடம் அவரு."

தாசில்தார் கோப்பைத் திறந்தார். ரிமைண்டரின் கடிதத்தில் வருஷத்தின் முதல் இரண்டு இலக்கங்களை யாரோ அடித்து, நீல மையில் இந்த நூற்றாண்டுக்குத் திருத்தியிருந்தார்கள். தாசில்தார் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற பிரிவு எழுத்தரைப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னு நெனச்சேன் மேடம்," என்றார் எழுத்தர் ஈனசுரத்தில்.

முடிந்தது என்று நினைத்தேன். வெளியே தள்ளுவார்கள், போலீஸைக்கூடக் கூப்பிடலாம். கஸ்தூரி கதவோரம் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். தாசில்தார் பென்சில் நகல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மைக்கறை வரைந்த பக்கத்தில் சற்று நின்றார். கடைசிப் பக்கத்தை மேஜை மேல் வைத்து விரலால் தட்டினார்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆன லெட்டர் சார் இது. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

ரிமைண்டர் எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மழ நின்னதும் வந்து பாக்கறேன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக்கீறாங்க மேடம். அந்த மழ நின்னுடுச்சி. நான் விசாரிச்சிட்டேன்."

தாசில்தார் அவரை வெறித்துப் பார்த்தார். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மணியை அடித்து, "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

பன்னிரண்டு இருபதுக்கு அவர் ஓடைக்கரையில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கினார். பாதி ஓடையில் ஒரு செருப்பு கை நழுவி மிதந்து போய்விட்டது. கல்லூரி முனுசாமி குதித்தும் அகப்படவில்லை. அக்கரையில் ஏறி, ஒற்றைச் செருப்போடு நின்று, ஈரப் புடவையைப் பிழிந்தபடி ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே போயிருக்க வேண்டிய அறிக்கை," என்று மட்டும் சொன்னார்.

அறிக்கை அந்த வாரமே போயிற்று. அதோடு பாலம் முளைத்துவிடவில்லை. ஒன்றரை வருஷம் ஆயிற்று. மதிப்பீடு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நடுவே வந்த மழையிலும் கஸ்தூரி ரிமைண்டர் வீட்டிலிருந்துதான் வேலைக்கு வந்தாள். தாசில்தாருக்கு மாற்றலாகி வேறொருவர் வந்தார். ரிமைண்டர் எத்தனை நினைவூட்டல் அனுப்பினார் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். கடைசியில் நாலு குழாய் பதித்து, மேலே கான்கிரீட் போட்டு, பக்கத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவரோடு ஒரு சிறுபாலம் எழுந்தது. ஒரு லாரி போனால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அகலம்.

திறப்பு விழாவுக்கு ரிமைண்டர் போகவில்லை. அன்று புதன்கிழமை, எழும்பூரில் இருந்தார்.

அடுத்த ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கிய காலை, எனக்கு மனசு கேட்காமல் ஓடைப் பக்கம் சைக்கிளை விட்டேன். பாலத்தின் இந்தப் பக்கம் ரிமைண்டர் நின்றிருந்தார், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. கீழே ஓடை காட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"ஆறு மணிக்கு சார். ஊருக்குள்ளேர்ந்து பதினேழு பேரு வந்துட்டாங்க. ஒர்த்தர் காலும் நனையல."

பதினெட்டாவதாக கஸ்தூரி வந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டிபன் டப்பா. புடவைக் கொசுவம் உலர்ந்திருந்தது. பாலத்தின் நடுவில் நின்று ஒரு நிமிஷம் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, ரெண்டு பேரும் மழையில நின்னுகினு! ஷிப்டுக்கு நேரமாவல? நடங்க, நடங்க." சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

ரிமைண்டர் நகரவில்லை. அவள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்று, என் குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். என் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. அடுத்த ஆள் வரட்டும் என்று நானும் நின்றேன்.