ஆறரைக்கு மாத்திடலாம்

"ஆறரைன்னு சொன்னாரா, ஆறேமுக்கால்னு சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆறரைக்கு மாத்திடலாம், ஏழு தாண்டக் கூடாது. அந்த ஒர்க்‌ஷாப் சத்தத்துல அவ்வளவுதான் காதுல விழுந்தது. மூணாவது தடவையா சொல்றேன்" என்றாள் மனைவி, கார் சாவியை மேசையில் போட்டபடி.

நிதானம் அதை டயரியில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குவது அவருடைய உத்தியோகம். அவர் கார் ஓட்டும் அழகைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் நிதானம். அது ஒட்டிக்கொண்டதில் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே மிஞ்சியது.

எல்லாம் அந்த மேட்டால் வந்த வினை. மேட்டின் உச்சியில் மச்சினன் வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். பாதி மேட்டில் நிதானத்தின் பழைய கார் திணறி நின்றுவிடும். மனைவி இறங்கி, பாத்திரப் பையோடு நடந்தே அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாள். போன வாரம் மச்சினன் வாய்விட்டே சிரித்துவிட்டான். நிதானத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த ஞாயிறு நிக்காம ஏறலைன்னா வண்டியை வித்துடறேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லித் தொலைத்தார்.

இருபது வருஷத்து வண்டி அது. மனைவிக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது அதன் மேல்தான். சில நாட்களில் வரிசை மாறுவதும் உண்டு.

அதனால்தான் பந்தயக்காரர்கள் போடும் கேம்ஷாஃப்ட் ஒன்றை வரவழைத்தார். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு. அதைப் போட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வண்டிக்கு அசுர பலம் வரும் என்று எங்கோ படித்திருந்தார். புதன்கிழமை காலை அதையும் வண்டியையும் மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். மாலையில் வேலை விட்டு வரும் வழியில் மனைவி வண்டியை எடுத்து வந்தாள். கூடவே மெக்கானிக் சொன்ன இந்தச் செய்தியையும்.

"எதைங்க ஆறரைக்கு மாத்தணும்?"

"கியரைத்தான். ஆறாயிரத்து ஐந்நூறு சுத்துல மாத்தணும். ஏழாயிரம் தாண்டினா எஞ்சின் காலி."

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"இதுகூடத் தெரியாம இவனுக்கு எதுக்கு கேம்ஷாஃப்ட்டுன்னு நினைப்பார். வேண்டாம்."

இதுநாள் வரை அவர் இரண்டாயிரத்துக்கு மேல் சுற்று மீட்டரின் முள்ளைப் போகவிட்டதில்லை. எஞ்சின் கொஞ்சம் குரல் உயர்த்தினாலே அதற்கு வலிக்கிறது என்று நினைத்துக் கியரை மாற்றிவிடுவார். ஆறரை என்றதும் டயரியை இன்னொரு முறை திறந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நூலகத்தில் புத்தகம் தைக்கும் பைண்டரைப் பிடித்தார். அவர் ஒரு காலத்தில் மோட்டார் பைக் பந்தயம் ஓட்டியவர்.

"வால்வ் ஸ்பிரிங் புதுசா, பழசா?" என்று கேட்டார் பைண்டர்.

"பழசுதான்."

"அப்ப ஜாக்கிரதை. அந்த வேகத்துல ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து முட்டிடும். இருநூறு குறைச்சுக்குங்க. ஆறாயிரத்து முந்நூறு."

நிதானம் ஒரு நூலகச் சீட்டில் பசை தடவி, சுற்று காட்டும் மீட்டரில் சரியாக ஆறாயிரத்து முந்நூறில் ஒட்டினார். சீட்டு அகலம். அது ஐந்திலிருந்து ஏழு வரை மறைத்ததில் முள் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. சீட்டைக் கிழித்துவிட்டு முள்ளையே முறைத்துக்கொண்டு ஓட்டினார். எதிர்வீட்டுப் பூந்தொட்டிகள் மூன்று காலி.

"நீ முள்ளைப் பார்த்துச் சொல்லு, நான் ரோட்டைப் பார்க்கறேன்" என்று வெள்ளிக்கிழமை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அஞ்சு... அஞ்சரை... ஆறு..." என்று வந்தவள் அந்த நேரம் பார்த்துத் தும்மினாள். ஒன்றல்ல, நாலு தும்மல். முள் ஏழைத் தொட்டது. ஏதோ விமானம் இறங்குகிறது என்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

நிதானம் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார்.

"என்னங்க சொல்லுது?"

"உயிரோட இருக்கு." அவர் முகம் மலர்ந்தது. "வித்தியாசத்தைப் பார்த்தியா? எல்லாம் புது கேம்ஷாஃப்ட் வேலை."

"எனக்குச் சத்தம்தான் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை மேட்டின் அடிவாரத்தில் மனைவி மடியில் பாத்திரப் பையை இறுக்கிக்கொண்டாள். தும்மலுக்கு முன்ஜாக்கிரதையாக ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நிதானம் மிதித்தார். கார் அலறியது. "ஆறு... ஆறேகால்... மாத்துங்க, மாத்துங்க" என்று மூக்கடைத்த குரலில் அவளும் அலறினாள். வழக்கமாக அவள் இறங்கும் இடம் வந்ததும் போனதும் தெரியவில்லை. அவள் முள்ளிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது மச்சினன் வீட்டு கேட் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மாமா, இது நம்ம வண்டிதானா?" என்றான் மச்சினன், நம்ப முடியாமல்.

வண்டி தப்பித்துவிட்டது. நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடும்போது இரண்டு ஸ்பூன்களை வால்வாக வைத்து, கேம்ஷாஃப்ட் மகிமையை மூன்று முறை விளக்கினார். மச்சினன் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை மட்டும் கொட்டாவி விட்டான்.

திங்கட்கிழமை மாலை, மெக்கானிக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். ஒர்க்‌ஷாப் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். ஒரு வேனுக்கு அடியில் மெக்கானிக்கின் கால்கள் மட்டும் தெரிந்தன. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி அவரைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து, ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்காத ஒரு நீளப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன சார், புதன்கிழமை நேரம் கிடைக்கலை, வேற ஒருநாள் காலையில விட்டா சாயங்காலம் ஆறரைக்கு மாத்திடலாம், ஏழு தாண்டக் கூடாது, கடை சாத்திடுவோம்னு உங்க வீட்டு அக்காகிட்ட சொல்லி அனுப்பினோமே, அஞ்சு நாளா உங்க கேம்ஷாஃப்ட் இங்கேயே கிடக்குது."