பெயர் எழுதாத புளிச்சோறு

மாட்டுப்பட்டி,
ஹர்த்தால் நாள், செவ்வாய்.

அன்பு மைத்துனன் பூபதிராஜாவுக்கு, முதலமடை பொங்கியண்ணன் எழுதிக்கொண்டது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் சினையாக இருக்கும் செவலைப் பசுவும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்கா மருதாத்தாளிடம் நான் கம்பளிக்குல்லாய் போட்டிருப்பதாகச் சொல்லிவிடு. போடவில்லை, இருந்தாலும் சொல்லிவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் மௌனிகாவுக்கு நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் சரிப்பட மாட்டான். கொழிஞ்சாம்பாறையில் சொந்தத் தென்னந்தோப்பு இருக்கும்போது அதை விட்டுவிட்டு மலையேறி வந்து, கட்டிலுக்கு மேல் கட்டில் அடுக்கி, சுற்றுலா வரும் ஊரான் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பிழைக்கிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று இவள் நிற்கிறாள். “நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க மச்சான், நீங்க சொல்றதுதான் முடிவுங்க” என்று நீ சொன்னாய். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வந்தேன், பார்த்தேன், முடிவு சொல்கிறேன்: வேண்டாம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே ஒரே அறையில் எட்டுப் பேர். நான் தும்மினால் ஏழு பேர் நலம் விசாரிக்கிறார்கள்.

புறப்படும்போது நமக்குள் நடந்த தர்க்கம் உனக்கு மறந்திருக்காது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக்கூடாது, ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் என்றாகிவிடும். “அது ஊடுங்களா மச்சான்? ஹாஸ்டலுங்க. ஓட்டல்ல திங்கற மாதிரித்தானுங்க” என்றாய். அவன் எந்த அடுப்பில் ஆக்கித் தின்கிறானோ அதுதான் அவன் வீடு என்று நான் அங்கேயே தீர்ப்புச் சொன்னேன். அதில் மாற்றமில்லை. அதற்காகத்தான் மருதாத்தாள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுத் தூக்குப்போசியையும், நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூணாறு ஏற்றத்தில் கேன் கசிந்து பக்கத்து ஆள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது.

ஹாஸ்டல் வாசலிலேயே சிவப்பிரகாஷ் நின்றான். “பேருங்க?” என்றான். “ராஜசேகர்” என்று பொய்ப் பெயர் சொன்னேன். ஆதார் கேட்டான் பார், அதை நான் யோசிக்கவே இல்லை. பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி கார்டைப் பார்த்தான். “ரொம்ப சந்தோசமுங்க ராஜசேகர் ஐயா, உள்ள வாங்க” என்றான். பொங்கியண்ணன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது! மூன்றாம் வகுப்போடு நின்று, மாம்பழப் பெட்டிக்குள் விரிக்கிற பேப்பரைப் படித்தே எழுத்துப் பழகியவன் நான். சொந்த வாசலில் நின்று ஒரு பெயரை வாசிக்கத் தெரியாதவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

எனக்குக் கிடைத்தது மேல்கட்டில். ஏணியில் ஏறும்போது வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் மேலே போனேன், வேட்டி கீழேயே நின்றுவிட்டது. கீழ்க்கட்டிலில் யார் என்று நினைக்கிறாய்? ஜோமோள் என்று ஒரு கோட்டயத்துப் பெண்! ஆணும் பெண்ணும் ஒரே அறையில், கேட்க ஆளில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அங்கிளே, முண்டு!” என்று வேட்டியை மேலே நீட்டினாள். மரியாதை தெரிந்த பெண்தான், அது வேறு விஷயம். சத்தம் கேட்டு வந்த சிவப்பிரகாஷ் தன்னுடைய கீழ்க்கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் மேலே ஏறிக்கொண்டான். கேட்காமலே கட்டிலை விட்டுக்கொடுக்கிறவன் நாளைக்குத் தோப்பை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சாயங்காலம் ரிஞ்சு என்ற பையன் குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தான். மற்றதுகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தன. “டேய், பெரியவரு இருக்காருடா, மெதுவா!” என்று சிவப்பிரகாஷ் அதட்டினான். “சத்தத்தை ஏன் தம்பி சொல்ற? தாளம் தப்புது, அதச் சொல்லு” என்று நான் வாளியை வாங்கி, நம் கோயில் நோம்பிக்கு அடிக்கிற ஜமாப் மேளத்தை ரெண்டே ரெண்டு தட்டு தட்டிக் காட்டினேன். அப்புறம் என்னை விடவில்லை. ஒரு கட்டத்தில் நானும் பெஞ்சின் மேல் நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன்தான் தைலம் தேய்த்தான். இடுப்புப் பிடிக்கிற மாதிரி இடத்தை நடத்துவானேன், அப்புறம் தைலம் தேய்ப்பானேன்?

இதையெல்லாம் பொறுப்பேன். புளிச்சோற்றைத்தான் பொறுக்க முடியவில்லை. போசியை எல்லோருக்கும் பொதுவான பிரிஜ்ஜில் வைத்துவிட்டு இன்று காலை டேமைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது! “அங்கிளே, ஆரோட சோறாணாவோ, சூப்பராயிருந்நு!” என்று ரிஞ்சு விரலை நக்குகிறான். பெயர் எழுதாத பாத்திரம் பொதுச்சொத்து என்பது இங்கே சட்டமாம். நான் எப்படி எழுதுவேன்? உண்மைப் பெயரை எழுதினால் மாட்டிக்கொள்வேன், பொய்ப் பெயரை மருதாத்தாள் போசியில் ஒட்ட மனம் வரவில்லை.

சரி, கடையில் தின்போம் என்று இறங்கினால் ஹர்த்தால். யார் நடத்துகிறார்கள், எதற்கு நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் மூடியிருக்கிறார்கள். ஒரு வாழைப்பழம் தொங்கவில்லை. மாட்டுப் பண்ணைப் பக்கம் மாடுகள் மட்டும் மென்றுகொண்டிருந்தன. மாட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. திரும்பி வந்தால் அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு! பூண்டு தட்டிப்போட்டு, நம்மூர் மணம். சிவப்பிரகாஷ் அகப்பையோடு வந்து நிற்கிறான்.

“ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா.”

“எனக்கு விரதம்.”

“என்ன விரதமுங்க?”

“வியாழக்கிழமை விரதம்.”

“இன்னைக்குச் செவ்வாயிங்களே.”

“முன்கூட்டியே இருக்கறேன். உனக்கென்ன?”

“ஒண்ணுமில்லீங்க” என்று போய்விட்டான். வற்புறுத்தக்கூடத் தெரியவில்லை.

ஆகையால் மௌனிகாவிடம் நயமாகச் சொல்லிவிடு. அழுதால் நான் ஊரில் இல்லாதபோதே அழுது முடிக்கட்டும், என்னால் அதைப் பார்க்க முடியாது. மாப்பிள்ளை வீட்டில் நான் பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை, எனவே நம் பக்கம் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் மாமரங்களில் பூ உதிராதிருக்கட்டும், செவலை கிடாரி போடட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
பொங்கியண்ணன்

பி.கு.: தண்ணீர்க் கேனை எடுக்கப் பிரிஜ்ஜைத் திறந்தேன். உள்ளே நம் போசி. மூடியைத் திறந்தால் அரிசிம்பருப்பு. போசியின் மேல் ஒரு சீட்டு, ‘பொங்கியண்ணன்’ என்று. கொட்டை எழுத்தில், ஒரு பிழை இல்லாமல். திரும்பினால் அவன் நிற்கிறான். “பேர் போட்டுட்டா அது அவிங்க சோறுங்க. இங்கத்த சட்டம். உங்க சோத்த நீங்க சாப்பிட்டா கை நனைச்சதா ஆவாதுங்க மாமா” என்றான். சட்டம் தெரிந்த பையன். எனவே சுடவைத்து என் சோற்றை நானே சாப்பிட்டேன், அதில் குற்றமில்லை. ஆனால் மைத்துனா, போசி சின்னது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அவன் அடுப்பிலிருந்த குண்டாவில் வாங்கிச் சாப்பிட்டேன். குண்டாவில் யார் பெயரும் இல்லை. பொதுச்சொத்து என்று தப்பித்துக்கொள்ளலாம், ஜோமோள்கூட அப்படித்தான் வாதாடினாள். ஆனால் அடுப்பைப் பற்றிய தீர்ப்பு என்னுடையது, என் தீர்ப்பை நானே மாற்றினால் அப்புறம் எவன் மதிப்பான்? கை நனைந்துவிட்டது. நிச்சயத்துக்கு நாள் பார். மௌனிகாவிடம் நீ வாயைத் திறக்காதே, நான் வந்து சொல்கிறேன். மருதாத்தாளிடம் சொல்லச் சொன்ன குல்லாய் விஷயம் இப்போது உண்மை, போட்டிருப்பது ரிஞ்சுவுடையது. அரிசிம்பருப்பில் நெய் கொஞ்சம் குறைவுதான். அதைப் பற்றிக் கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.